பிழைநீக்கியில் எச்சரிக்கைச் செய்திகளையும் சிம்பல் வாசிப்பையும் மறுசீரமைப்பது எப்படி?

ஒரு பிழைநீக்கியின் மூல நிரலை முதன்முறையாகத் திறப்பவர், இயங்கும் நிரலை நிறுத்துவதற்கும் வரிவரியாக நகர்த்துவதற்குமான வேலைதான் அதில் பெரும்பகுதி என்று எண்ணுவது இயல்பு. குனூ திட்டத்தின் பிழைநீக்கியான ஜிடிபியைப் பொறுத்தவரை, மிகப் பெரிய கோப்பு அந்த வேலைக்குரியது அல்ல. கம்பைலர் எழுதிவைத்துப்போன பெயர்கள், வகைகள், வரி எண்கள், முகவரிகள் ஆகியவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் சிம்பல் வாசிப்புக்குரியது. கம்பைலர் அந்தத் தகவலை எழுதிவைக்கும் ட்வார்ஃப் வடிவத்தை வாசிக்கும் ஒற்றைக் கோப்பு ஒரு காலத்தில் 25,000 வரிகளைத் தாண்டியிருந்தது. 2020-இல்தான் அது தனி அடைவுக்குள் கொண்டுபோகப்பட்டுப் பல கோப்புகளாகப் பிரியத் தொடங்கியது.

இந்த வாசிப்பு நிரலில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் சில வரிகளுக்கு ஒருமுறை ஒரு சோதனையும், அது தவறினால் வெளியிட வேண்டிய ஒரு செய்தியும் எதிர்ப்படும். காரணம் எளியது. பிழைநீக்கி வாசிக்கும் தரவை எழுதியது வேறொரு கம்பைலர். அதன் பதிப்பும் அதில் உள்ள பிழைகளும் பிழைநீக்கியின் கட்டுப்பாட்டில் இல்லை. ட்வார்ஃபின் இரண்டாம் பதிப்பு 1993-இலும் ஐந்தாம் பதிப்பு 2017-இலும் வந்தன. இவற்றுக்கு இடைப்பட்ட எல்லா வகைக் கோப்புகளையும் இன்றைய பிழைநீக்கி படித்தாக வேண்டும். ஆகவே வாசிப்பையும் செய்தியையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முயலும் எவரும் இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை ஜிடிபியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த வேலையைப் படிப்படியாக விளக்குகிறது. இதன் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: வாசிக்கும் செயற்கூறு தான் கண்டதைச் சொன்னால் போதும், அதை யாரிடம், எப்போது, எத்தனை முறை காட்டுவது என்பதை வேறோர் இடம் முடிவுசெய்ய வேண்டும்.

முதல் படி: எந்தச் செய்தி யாருக்கு?

நிரல்வரிகளைத் தொடுவதற்கு முன்பு, நீங்கள் கைவைக்கப்போகும் கோப்பில் உள்ள செய்திகளை வகைப்படுத்திக்கொள்ளுங்கள். ஜிடிபியில் இவற்றுக்கு நான்கு வழிகள் உண்டு. 'வார்னிங்' என்ற செயற்கூறு பயனரிடம் உடனே பேசுகிறது, வேலை தொடர்கிறது. 'எர்ரர்' என்பது சி++ விதிவிலக்கை எறிந்து, நடந்துகொண்டிருக்கும் கட்டளையையே கைவிடச் செய்கிறது. 'இன்டெர்னல் எர்ரர்' பிழைநீக்கியின் சொந்தக் கணக்கு தவறியதை ஒப்புக்கொண்டு, வெளியேறலாமா என்று பயனரைக் கேட்கிறது. நான்காவதாகிய 'கம்ப்ளைன்ட்', அதாவது புகார், சிம்பல் தரவில் காணப்படும் ஒழுங்கீனங்களுக்கென்றே உருவானது. அதன் வரம்பு இயல்பாகவே பூஜ்ஜியமாக வைக்கப்பட்டிருப்பதால் பெரும்பாலான பயனர்கள் ஒரு புகாரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 'செட் கம்ப்ளைன்ட்ஸ்' என்ற கட்டளையோடு ஓர் எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு வகைப் புகாரும் அத்தனை முறை வரை வெளிப்படும்.

வகைப்படுத்தும்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் செய்தியைப் படிப்பவர் அதைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதே. தனி பிழைநீக்கத் தகவல் கோப்பு கிடைக்கவில்லை என்றால் பயனர் அதை நிறுவிக்கொள்ளலாம். எனவே அது எச்சரிக்கை. ஒரு கட்டமைப்பின் உறுப்புக்கு எதிர்பாராத பண்பு இருக்கிறது என்றால் பயனரால் ஆவது ஒன்றுமில்லை. கம்பைலர் எழுதுபவருக்கும் பிழைநீக்கி எழுதுபவருக்கும் மட்டுமே அது பயன்படும். எனவே அது புகார். பழைய நிரலில் இந்த எல்லை பல இடங்களில் குழம்பிக் கிடக்கும். புகாராக இருக்க வேண்டியது எச்சரிக்கையாக இருந்தால், பெரிய நிரலொன்றை ஏற்றும்போது திரை முழுவதும் ஒரே வாசகம் ஆயிரக்கணக்கில் ஓடும். அதைவிடத் தொல்லையானது, புகாராக இருக்க வேண்டியது 'எர்ரர்' ஆக இருப்பது: ஒரே ஒரு தவறான பதிவால் கோப்பின் எஞ்சிய சிம்பல்கள் முழுவதும் வாசிக்கப்படாமல் போய்விடும்.

இந்தக் குழப்பங்களைக் கண்டவுடன் திருத்தும் ஆவல் எழும். இப்போது வேண்டாம், குறித்துவைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: இப்போதைய நடத்தையைப் பதிவுசெய்தல்

ஜிடிபியின் மூல நிரல், இணைப்பி (தொகுத்த துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்ப்பது), அசெம்ப்ளர் போன்றவற்றைக் கொண்ட பினுடில்ஸ் கருவிகளோடும், கோப்பு வடிவங்களைப் படிக்கும் பிஎஃப்டி நூலகத்தோடும் 'கிட்' என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒரே களஞ்சியத்தில் இருக்கிறது. மூல அடைவுக்கு வெளியே ஒரு தனி அடைவை உருவாக்கி, அதற்குள்ளிருந்து 'கன்ஃபிகர்' ஓட்டுவதே வழக்கம். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர் ஆகிய இரு எண்கணித நூலகங்களும் தேவைப்படும். இணைப்பி, அசெம்ப்ளர் போன்ற மற்றவற்றை முடக்கிவிட்டால் தொகுக்கும் நேரம் வெகுவாகக் குறையும். மேம்படுத்தலை அணைத்துத் தொகுத்துக்கொள்ளுங்கள். பிழைநீக்கியையே இன்னொரு பிழைநீக்கியால் பார்க்க வேண்டிய கட்டம் நிச்சயம் வரும்.

அடுத்து, மாற்றத்துக்கு முந்தைய நடத்தையைக் கோப்பில் பிடித்துவைக்க வேண்டும். புதியவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. புகார் வரம்பை உயர்த்துவதற்கு 'ஈஎக்ஸ்' என்ற தேர்வைப் பயன்படுத்தினால், அந்தக் கட்டளை நிரல் கோப்பு ஏற்றப்பட்ட பிறகே ஓடும்; ஏற்றும்போது எழுந்த புகார்கள் அதற்குள் வீணாகிப் போயிருக்கும். 'ஐஈஎக்ஸ்' என்ற தேர்வே கோப்பை ஏற்றுவதற்கு முன்பு ஓடுவது. எனவே வரம்பை அதன் வழியாகத்தான் உயர்த்த வேண்டும்.

அது மட்டும் போதாது. ஜிடிபி சிம்பல்களை ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. முதலில் கோப்பின் சாதாரண சிம்பல் அட்டவணையிலிருந்து பெயர், முகவரி என்ற அளவில் சுருக்கச் சிம்பல்களைச் சேர்க்கிறது. ட்வார்ஃப் தரவை மேலோட்டமாகப் பார்த்து எந்தப் பெயர் எந்தத் தொகுப்பு அலகில் (கம்பைலர் ஒரே தடவையில் தொகுத்த மூலக் கோப்பில்) இருக்கிறது என்ற சுட்டுவரிசையை உருவாக்குகிறது. பயனர் ஒரு செயற்கூற்றில் நிறுத்தப் புள்ளி வைக்கும்போதோ ஒரு வகையின் வரையறையைக் கேட்கும்போதோதான் அந்த அலகை முழுமையாக விரிக்கிறது. ஆகவே சில புகார்கள் ஏற்றும்போதும், மற்றவை வெகுநேரம் கழித்து, தொடர்பில்லாதது போலத் தோன்றும் ஒரு கட்டளையின் நடுவிலும் வரும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பிடிப்பதற்கு 'ரீட்நவ்' என்ற தேர்வைக் கொடுங்கள். அது எல்லா அலகுகளையும் தொடக்கத்திலேயே விரித்துவிடும். பிறகு அந்தத் தேர்வு இல்லாமலும் ஒருமுறை ஓட்டி, இரண்டு வெளியீடுகளையும் தனித்தனியே சேமியுங்கள்.

வெளியீடு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறினால் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. உங்கள் தனிப்பட்ட தொடக்கக் கோப்பைப் படிக்காமலிருக்க 'என்எக்ஸ்' தேர்வையும், துணை த்ரெட்கள் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் செயலோட்டங்கள்) வரிசையைக் கலைக்காமலிருக்க 'மெயின்ட் செட் வொர்க்கர்-த்ரெட்ஸ் 0' என்ற கட்டளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிந்தையதையும் 'ஐஈஎக்ஸ்' வழியாகவே கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒப்பீட்டுக்கு எந்த நிரலை எடுப்பது? பிழைநீக்கியின் சொந்த இயங்கு கோப்பே மிக நல்ல தேர்வு: பெரியது, சி++ வார்ப்புருக்கள் நிறைந்தது, உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. ஆனால் தற்காலக் கம்பைலர் ஒழுங்காக எழுதிய கோப்பில் புகார்கள் குறைவாகவே எழும் என்பதால், ஜிடிபியின் சோதனைத் தொகுப்பில் ட்வார்ஃப் தரவைக் கையால் வடித்து உருவாக்கும் சோதனைகளிலிருந்து கிடைக்கும் கோப்புகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: புகாரின் எண்ணிக்கை எங்கே இருக்கிறது?

செய்தி அமைப்பை மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாமல் உடையக்கூடியது எண்ணிக்கைதான் என்பதால், இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

'கம்ப்ளைன்ட்' என்பது செயற்கூறு போலத் தோன்றினாலும் உண்மையில் ஒரு மேக்ரோ, அதாவது அழைத்த இடத்திலேயே தொகுக்கும்போது விரிக்கப்படும் நிரல்துண்டு. அது முதலில் புகார் வரம்பு பூஜ்ஜியத்தைவிட அதிகமா என்று பார்க்கிறது. அதிகமாக இருந்தால் மட்டுமே உள்ளிருக்கும் உண்மையான செயற்கூற்றை அழைக்கிறது. வரம்பு பூஜ்ஜியமாக இருக்கும்போது அளபுருக்கள் கணிக்கப்படுவதுகூட இல்லை. இந்தச் சிறு ஏற்பாட்டின் மதிப்பை ஒரு பெரிய நிரலை ஏற்றும்போதுதான் உணர முடியும்: இலட்சக்கணக்கான பதிவுகள் ஒவ்வொன்றுக்கும் முகவரியைப் பதினாறடிமான எழுத்தாக மாற்றி, கோப்பின் பெயரைத் தேடியெடுத்து, கடைசியில் எதையும் காட்டாமல் வீசியெறியும் செலவு இதனால் தவிர்க்கப்படுகிறது. மறுசீரமைப்பின்போது, செய்திச் சரத்தை முன்கூட்டியே கட்டி ஒரு பொதுச் செயற்கூற்றுக்குக் கொடுத்தால் நிரல் அழகாக இருக்குமே என்று தோன்றும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் செலவு முழுவதும் திரும்பி வந்துவிடும்.

அந்த அழகில் இரண்டாவது பொறியும் இருக்கிறது. உள்ளிருக்கும் செயற்கூறு, எந்தப் புகார் எத்தனை முறை வந்தது என்பதை ஓர் அட்டவணையில் எண்ணுகிறது. அட்டவணையின் திறவுகோல் வடிவச் சரத்தின், அதாவது மதிப்புகளை இட்டு நிரப்ப வேண்டிய செய்தி வார்ப்பின், முகவரி. சரத்தில் உள்ள எழுத்துகள் ஒப்பிடப்படுவதில்லை; நினைவகத்தில் அது இருக்கும் இடம்தான் பார்க்கப்படுகிறது. முன்கூட்டியே கட்டிய செய்தியை எந்தச் சரத்தையும் அப்படியே அச்சிடும் 'சதவீதக் குறி, எஸ்' என்ற பொது வடிவத்தின் வழியாக அனுப்பினால், பத்து வேறுபட்ட புகார்களும் ஒரே திறவுகோலின் கீழ் எண்ணப்படும். வரம்பு 5 என்றால், ஐந்தாவதற்குப் பிறகு வரும் முற்றிலும் புதிய புகார்கூட வாய்மூடிப்போகும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஒரே வாசகத்தை இரண்டு கோப்புகளில் நகலெடுத்து வைத்தால், அவை இரு வேறு முகவரிகளில் அமர்ந்து தனித்தனியே எண்ணப்படக்கூடும், அப்படி அமருமா ஒன்றாக இணையுமா என்பது இணைப்பியின் விருப்பத்தையும், மொழிபெயர்ப்பு அமைப்பு வழியாகச் சரம் வருகிறதா என்பதையும் பொறுத்தது. எனவே ஒரு வாசகம் பல இடங்களில் தேவைப்பட்டால், அந்தப் புகாருக்கென்றே ஒரு சிறு செயற்கூறு எழுதி, எல்லா இடங்களும் அதை அழைக்கும்படி செய்யுங்கள். ஜிடிபியின் வாசிப்பு நிரலில் அப்படிப்பட்ட சிறு செயற்கூறுகள் பல ஏற்கனவே இருக்கின்றன.

புதிய சிம்பல் கோப்பொன்றின் வாசிப்பு தொடங்கும்போது இந்த எண்ணிக்கைகள் அழிக்கப்படுகின்றன. தொடக்க நிரலை இடம் மாற்றுபவர்கள் அந்த ஒற்றை வரி அழைப்பைக் கூடவே எடுத்துச் செல்ல மறந்துவிடுவது எளிது. மறந்தால் உடனே எதுவும் தெரியாது. இரண்டாவது நூலகத்தை ஏற்றும்போது புகார்கள் காணாமல் போயிருக்கும்.

நான்காம் படி: வாசிப்பைப் பிரித்தல்

இப்போதுதான் நிரல்வரிகளை நகர்த்துகிறோம். ஜிடிபியில் ஒவ்வொரு கோப்பு வடிவத்துக்கும், 'வாசிக்கத் தயாராகு', 'வாசி', 'முடித்துக்கொள்' போன்ற செயற்கூறுகளைச் சுட்டும் ஓர் அட்டவணை இருக்கிறது. பிஎஃப்டி நூலகம் கோப்பின் வடிவத்தை அடையாளம் கண்ட பிறகு பொருத்தமான அட்டவணை தேர்ந்தெடுக்கப்படுகிறது. எல்ஃப், காஃப் போன்ற கொள்கலன் வடிவங்கள் வேறு. அவற்றுக்குள் இருக்கும் ட்வார்ஃப், ஸ்டாப்ஸ் போன்ற பிழைநீக்கத் தகவல் வடிவங்கள் வேறு. பழைய நிரலில் இவ்விரு அடுக்குகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். எல்லைக்கோட்டை இந்த இடத்தில் போடுவதே நல்லது என்பது என் கருத்து; கோப்பின் நீளத்தைப் பார்த்துப் பாதியாக வெட்டுவதால் யாருக்கும் பயனில்லை.

வெட்டும் இடத்தைத் தீர்மானிக்க ஓர் எடுத்துக்காட்டு. ட்வார்ஃப் தரவு ஒரு செயற்கூற்றின் தொடக்க முகவரி பூஜ்ஜியம் என்று சொன்னால், ஜிடிபி ஒரு புகாரை எழுப்பி அந்த வரம்பைப் புறக்கணிக்கிறது. பயன்படாத பிரிவுகளை இணைப்பி நீக்கிவிட்ட பிறகும், அவற்றைப் பற்றிய பிழைநீக்கத் தகவல் பூஜ்ஜிய முகவரியோடு எஞ்சி நிற்பதால் இது நேர்கிறது. ஆனால் சில உட்பொதி சாதனங்களில் பூஜ்ஜிய முகவரியில் உண்மையாகவே நிரல் இருக்கும். அதனால் அந்தச் சோதனை, கோப்பில் பூஜ்ஜியத்தில் தொடங்கும் பிரிவு ஏதேனும் உண்டா என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. இங்கே மூன்று செயல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன: கண்டறிதல், புறக்கணித்தல், தெரிவித்தல். முதல் இரண்டும் வாசிப்பைச் சேர்ந்தவை; அவை நகரும்போது நிபந்தனையின் இரு பாதிகளும் பிரியாமல் சேர்ந்தே நகர வேண்டும். மூன்றாவது மட்டுமே செய்தி அமைப்பைச் சேர்ந்தது. செய்தியைத் தனியே எடுக்கும் அவசரத்தில், அந்த வரம்பைப் புறக்கணிக்கும் வரியையும் கூடவே பெயர்த்துவிட்டால், பூஜ்ஜிய முகவரிக்குரிய போலிச் செயற்கூறுகள் சிம்பல் அட்டவணைக்குள் நுழைந்துவிடும். சோதனைகள் பெரும்பாலும் அதைக் கவனிக்காது.

நகர்த்துவதற்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. நகர்த்தும் கமிட்டில் (கிட்டில் ஒன்றாகப் பதியப்படும் மாற்றத் தொகுதி) எதையும் திருத்தாதீர்கள். திருத்தும் கமிட்டில் எதையும் நகர்த்தாதீர்கள். பெயர் மாற்றம், நெடுவரிசைச் சீர்படுத்தல், தேவையற்ற அளபுருவை நீக்குதல் ஆகியவையும் திருத்தமே. நகர்த்தலை மட்டும் கொண்ட கமிட்டை 'கிட் டிஃப்' கட்டளையில் 'கலர்-மூவ்டு' தேர்வோடு பார்த்தால், இடம் மாறிய வரிகள் தனி நிறத்தில் தெரியும். அந்த நிறத்தில் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் காரணம் சொல்ல முடிய வேண்டும். பரிசீலிப்பவர் ஆயிரம் வரி நகர்வையும் சில நிமிடங்களில் ஏற்பதும், நூறு வரிக்கு நாள் கணக்கில் தயங்குவதும் இந்த ஒரு பழக்கத்தைப் பொறுத்தே அமைகின்றன.

ஐந்தாம் படி: த்ரெட்கள்

ஜிடிபி இப்போது ட்வார்ஃப் சுட்டுவரிசையைப் பல த்ரெட்களில் உருவாக்குகிறது; 2024-இல் வெளியான 15-ஆம் பதிப்பிலிருந்து அந்த வேலை பின்னணியிலும் நடக்கிறது. துணை த்ரெட்டில் ஓடும் நிரல் திரையில் நேரடியாக எழுதக் கூடாது. அதனால் அங்கே எழும் புகார்கள் ஓர் இடைமறிப்பியால் பிடிக்கப்பட்டு, சேர்த்துவைக்கப்பட்டு, முதன்மை த்ரெட்டுக்குத் திரும்பிய பிறகு வெளியிடப்படுகின்றன. வாசிக்கும் செயற்கூறு தான் எந்த த்ரெட்டில் ஓடுகிறது என்பதை அறியாமலேயே 'கம்ப்ளைன்ட்' என்று அழைக்கிறது. மேலே சொன்ன அடிப்படைக் கருத்து நடைமுறையில் பலன் தரும் இடம் இது. செய்தி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது வாசிப்பு நிரலில் எழுதப்பட்டிருந்தால் இந்த மாற்றமே சாத்தியமாகியிருக்காது.

நீங்கள் இதே போன்ற சேமிப்பு முறையை எழுத நேர்ந்தால், செய்தியைச் சேமிக்கும்போதே முழு உரையாக வடித்துவிடுங்கள். வடிவச் சரத்தையும் அளபுருக்களின் சுட்டுகளையும் வைத்துக்கொண்டு பின்னர் வடிக்கலாம் என்று நினைப்பது ஆபத்து. முகவரியை எழுத்தாக மாற்றித் தரும் ஜிடிபியின் துணைச் செயற்கூறுகள், சுழற்சியில் மீண்டும் மீண்டும் பயன்படும் சில நினைவகக் கட்டங்களிலிருந்தே விடையைத் தருகின்றன. நீங்கள் திரும்பி வருவதற்குள் அந்தக் கட்டத்தில் வேறொரு முகவரி எழுதப்பட்டிருக்கும். செய்தி ஒழுங்காகவே தெரியும், எண் மட்டும் தவறாக இருக்கும். தேடிப்பிடிக்க இதைவிடக் கடினமான பிழை அரிது.

'எர்ரர்' எறியும் விதிவிலக்கும் துணை த்ரெட்டைத் தாண்டிப் போக முடியாது. அங்கேயே பிடித்து, சேமித்து, முதன்மை த்ரெட்டில் வெளிக்கொணர வேண்டும். இந்த மாற்றங்களுக்குப் பிறகு, த்ரெட் மோதல்களைக் கண்டறியும் கம்பைலர் வசதியை இயக்கித் தொகுத்து ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள்.

ஆறாம் படி: சோதித்து அனுப்புதல்

ஜிடிபியின் சோதனைத் தொகுப்பு டெஜாக்னூ என்ற சோதனைச் சட்டகத்தை அடிப்படையாகக் கொண்டது. முழுத் தொகுப்பையும் ஓட்ட நீண்ட நேரம் ஆகும் என்பதால், ஒவ்வொரு கமிட்டுக்கும் ட்வார்ஃப் அடைவில் உள்ள சோதனைகளை மட்டும் ஓட்டி, இறுதியில் ஒருமுறை முழுவதையும் ஓட்டினால் போதும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த, சோதனை முடிவுகளின் சுருக்கக் கோப்புகளை வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். தோல்விகளின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை என்பதை நம்பாதீர்கள். ஒன்று தேறி மற்றொன்று தோற்றிருந்தாலும் மொத்தம் மாறாது. அலகுச் சோதனைகளை 'மெயின்ட் செல்ஃப்டெஸ்ட்' என்ற கட்டளை பிழைநீக்கிக்குள்ளிருந்தே ஓட்டுகிறது.

இரண்டாம் படியில் சேமித்த வெளியீடுகளை இப்போது புதிய வெளியீடுகளோடு ஒப்பிடுங்கள். நகர்த்தும் கமிட்டுகளுக்குப் பிறகு ஓர் எழுத்துகூட மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் 'கிட் பைசெக்ட்' எந்தக் கமிட் என்பதைக் காட்டிவிடும். ஒவ்வொரு கமிட்டும் தனித்துத் தொகுக்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும்.

முதல் படியில் குறித்துவைத்த குழப்பங்களுக்கான நேரமும் இதுவே. எச்சரிக்கையைப் புகாராக மாற்றும் ஒவ்வொரு திருத்தமும் தனிக் கமிட்டாக, யாருடைய திரையில் என்ன மாறும் என்ற விளக்கத்தோடு இருக்கட்டும். வாசகத்தை மாற்றினால், சோதனைக் கோப்புகளில் அந்த வாசகத்தை எதிர்பார்க்கும் வடிவங்கள் உண்டா என்று தேடுங்கள். சில சோதனைகள் செய்தி வராததையே வெற்றியாகக் கொள்வதால், வாசகம் மாறியபின் அவை பொருளற்று, ஆனால் எப்போதும் தேறியபடி நின்றுவிடும். கடைசிக் கமிட்டில், இனி யாரும் அழைக்காத பழைய செயற்கூறுகளையும், தலைப்புக் கோப்புகளில் எஞ்சியிருக்கும் அவற்றின் அறிவிப்புகளையும் நீக்குங்கள். செயற்கூற்றின் வரையறையை நீக்கிவிட்டு அறிவிப்பை விட்டுவைத்தால் கம்பைலர் எதுவும் சொல்லாது என்பதால், அதைப் பெயர் சொல்லித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.